உறைமோர்

இன்று காலை பிளாஸ்டிக் கப்பின் மேல்தாளை உரித்தேன். உள்ளே தயிர் மழுமழுவென்று இருந்தது. ஆச்சியின் மண்சட்டித் தயிரோ விடியும்போது தடித்த ஆடை போர்த்தியிருக்கும், அந்த ஆடைக்காகப் பேரப்பிள்ளைகள் நாலு பேரும் அடித்துக்கொள்வோம். உறை தீர்ந்த நாளில் ஒரு கிண்ணத்தோடு எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, "அத்தை, ஆச்சி உறைமோர் வாங்கிட்டு வரச் சொன்னா" என்பேன். அடுத்த வாரம் அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் வாசலில் நிற்கும். இப்படியே ஒரே தயிர், அதன் கண்ணுக்குத் தெரியாத உயிர்களோடு, எங்கள் தெரு முழுக்க வீடு வீடாய்ச் சுற்றி வந்தது.

அந்த உயிர்களில் நீண்ட ஆயுளைத் தேடியவரும் உண்டு. பாரிஸில் பாஸ்டர் ஆய்வகத்தில் இருந்த விஞ்ஞானி இலியா மெச்னிக்காஃப், பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாக்களின் நஞ்சுதான் நம்மைச் சீக்கிரம் கிழமாக்குகிறது என்று நம்பி, பல்கேரிய விவசாயிகளின் நீண்ட ஆயுளைத் தயிரோடு சேர்த்துப் பேசி, தானும் தினமும் புளித்த பால் குடித்து வந்தார். நோய் எதிர்ப்பு பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்ற அவர் 1916இல், 71 வயதில் காலமானார். தயிர் ஆயுளை நீட்டும் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் முதுமையைக் குடலில் தேடலாம் என்று அவருக்குத் தோன்றியதே, அதுதான் பெரிய விஷயம்.

ஆச்சியின் காலையோ பழையதில் தொடங்கும். இரவு மிஞ்சிய சோற்றில் ஊற்றிய தண்ணீர் விடிவதற்குள் லேசாகப் புளித்திருக்கும். கையால் பிசைந்து, இரண்டு சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போடுவாள். கல்லூரி விடுமுறையில் வந்த நான், "அதெல்லாம் கிருமி ஆச்சி" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் நீராகாரத்தில் உப்பைக் கரைத்துக் குவளையை என் பக்கம் நகர்த்தினாள். நான் குடிக்கவில்லை. நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன, பெரும்பாலும் பெருங்குடலில், நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைத் தின்று குடல்சுவருக்கு உணவாகும் அமிலங்களைத் தருகின்றன என்று படிக்கும்போதெல்லாம் அந்தக் குவளை கண்முன் வருகிறது.

நான் ஒதுக்கிய அந்தப் புளிப்பை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். 2021இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்து நடந்த ஆய்வில், 10 வாரம் புளித்த உணவுகளைச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன.

என்னை உலுக்கியது வேறொன்று. அயர்லாந்தில் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவு: பராமரிப்பு இல்லங்களில் நெடுநாள் இருந்தவர்களின் குடலில் வகைகள் குறைவு, தட்டிலும் வகைகள் குறைவு, உடல்தளர்ச்சி அதிகம். எது காரணம், எது விளைவு என்ற கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. என் அப்பாவின் கடைசி இரண்டு வருடங்களில் காலையில் பாலில் நனைத்த ரொட்டி, இரவில் ரவைக்கஞ்சி, மறுநாளும் அதே என்று, எளிதில் செரிக்கட்டுமே என்ற பிரியத்தில், நான் கொடுத்துவந்தேன். ஒருநாள் அவர் கேட்டது கீரைமசியல். அதைக்கூட நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், மருத்துவர் தடுக்காதவரை, கீரையை மசித்துக் கொடுங்கள், பயறைக் குழைய வேகவையுங்கள், ஒரு தம்ளர் மோர் வையுங்கள். நாளைக்கு வேறு காய் வாங்குங்கள்.