கலவை வால்வில் உப்புப் படிவு: ஓர் ஆய்வு முன்னோட்டம்

குளியலறைச் சுவரில் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து, குறித்த சூட்டில் வெளியே விடும் தெர்மோஸ்டாட் கலவை வால்வு (இனி 'வால்வு') பற்றித் தமிழில் ஆய்வு இல்லை என்பது என் துணிபு (காண்க: இதே துணிபை வெளியிட்ட என் முந்தைய கட்டுரை).

வால்வின் இயக்கம் எளிது. ஆகவே ஆய்வுக்கு உதவாது. உள்ளே ஒரு மெழுகுக் குப்பி. சூடு ஏறினால் மெழுகு விரிந்து தண்டைத் தள்ளும். வெந்நீர் வரும் வழி குறுகும். சூடு இறங்கினால் ஸ்பிரிங் தண்டைத் திருப்பி அனுப்பும்.

இடையில் புகுவது உப்பு. போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடு பட்டதும் சுண்ணாம்பாகப் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. தண்டு இறுகும், குளிப்பவர் அலறுவார். படிவுகள் மூவகை: வெள்ளை, துருப்பழுப்பு, ஏனையவை. ஏனையவை பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

வெள்ளைப் படிவோ கடல். அதை அடுக்கடுக்காக உரித்தால் அந்த வீட்டின் வரலாறே கிடைக்கும். மெல்லிய அடுக்கு மெட்ரோ வாட்டர் வந்த காலம். தடித்த அடுக்கு போரை நம்பிய காலம். நான் ஆய்ந்த வால்வின் மிகத் தடித்த அடுக்கு 2019ஆம் ஆண்டுச் சென்னை வறட்சிக்கு உரியது என நிறுவியுள்ளேன் (காண்க: என் கட்டுரைக்கு நானே எழுதிய மறுப்பு, அம்மறுப்புக்கு நான் வழங்கிய அணிந்துரை). வால்வே 2022இல்தான் வாங்கியது என்று வீட்டுக்காரர் ரசீது காட்டுகிறார். ரசீது இடைச்செருகல். அடியடுக்கு இன்னும் தொன்மையானது. எவ்வளவு தொன்மை என்பது ஆய்வாளரின் சொந்த ஊரைப் பொறுத்தது, இது துறையில் ஏற்கப்பட்ட முறைதான் (காண்க: மேற்படி அணிந்துரையின் திருத்திய பதிப்பு, பின்னிணைப்பு 'ஊ', அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, அச்சகம் பூட்டிக் கிடப்பதால் கையெழுத்துப்படி என் வீட்டுப் பரணில், இரண்டாம் டிரங்குப் பெட்டிக்கு அடியில்).

அகழாய்வுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது பிளம்பர் வந்துவிட்டார். வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு லைனையும் மூடினார். உள்ளிருந்த கார்ட்ரிட்ஜை உருவி, எலுமிச்சை உப்பு கரைத்த மக்கில் ஊறப்போட்டார். சல்லடைகளைப் பழைய டூத் பிரஷால் தேய்த்தார். எட்டு அடுக்கு வரலாறு சாக்கடையில் போயிற்று. மேற்கோள் ஒன்றுமில்லை, கருதுகோள் ஒன்றுமில்லை.

"வண்டி கிரீஸ் போடாதீங்க சார், ரப்பர் ஊதிக்கும். சிலிக்கான் கிரீஸ்தான்" என்றார். ஆதாரம் கேட்டேன். முறைத்தார்.

மாட்டி முடித்ததும் வெந்நீர் ஓடும்போதே பச்சைத் தண்ணீர் லைனை அடைத்தார். ஷவர் சட்டென நின்றது. அப்படி நிற்காத வால்வை நம்பி யாரும் அடியில் நிற்கக் கூடாதாம். கீசர் தண்ணீர் 60 டிகிரியில் இருந்தால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். பிறகு வெப்பமானியை நீட்டி, திருகியை 38இல் நிறுத்தினார். வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிக் கழுவினால் போதும் என்பது அவர் முடிவுரை. இவ்வளவு சுருக்கமான முடிவுரைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராது.

"ஓ-ரிங் ஒண்ணு வெடிச்சிருக்கு சார், அடுத்த தடவை மாத்திடுவோம்" என்றும் சொன்னார். ஓ-ரிங் இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. அதற்குத் தனி ஆய்வேடு தேவை. நெறியாளர் கிடைத்ததும் தொடங்கும்.