மேசைவிரிப்பும் மூக்கும்

கேள்வி: தனி மனிதர்களைக் கூட்டினால் சமூகம். இதில் ஆராய என்ன இருக்கிறது?

பதில்: கூட்டல் கணக்கு போதாதே! ஆடுகிறவர்கள் மாறினாலும் நடனம் தொடரும். ஆனால் ஆளே இல்லாமல் நடனம் உண்டா? சமூகமும் அப்படித்தான் என்றார் சமூகவியலாளர் நார்பர்ட் எலியாஸ். நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்த யூதர். சமூகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க, பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தில் உட்கார்ந்து, அறிஞர் எராஸ்மஸ் 1530இல் எழுதியது உட்பட, பழைய ஐரோப்பிய மரியாதை நூல்களைப் புரட்டினார். மேசைவிரிப்பில் மூக்கைச் சிந்தாதீர்கள் என்று பிரபுக்களுக்கே சொல்லவேண்டிய காலம் ஒன்று இருந்திருக்கிறது! மனிதர்கள் ஒருவரையொருவர் சார்ந்திருப்பது கூடக்கூடக் கூச்சமும் கூடியது என்றார் எலியாஸ். விரல் போய் முள்கரண்டி வந்தது. யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. எனக்கு இதுதான் பெரிய வியப்பு. இதை விளக்கி அவர் எழுதி, 1939இல் வெளியான நூலைப் போர்க்காலம் விழுங்கிவிட்டது. 1969இல் மறுபதிப்பு வந்து புகழ் தேடிவந்தபோது எலியாஸ் எழுபதைத் தாண்டியிருந்தார்.