புல்லாங்குழலுக்கு முன்னால் ஓர் எர்த் வயர்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: ஹார்ன் அடிக்காத பழைய பிக்கப் வண்டிக்கு எந்த வாத்தியம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அறிய வேண்டி.

பெருமதிப்புக்குரிய அமைச்சக சமூகத்துக்கு,

சித்தூர், திருப்பதிப் பக்கத்துச் சாலைகளில் ஏ.பி. 03 என்ற எண்பலகையோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பிக்கப் வண்டிகளைத் தாங்கள் தில்லியிலிருந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. 2019-இல் ஆந்திர மாநிலம் முழுவதற்கும் ஏ.பி. 39 என்று ஒரே எண் வந்துவிட்டது. எனவே 03 கண்ணில் பட்டாலே வண்டி பழசு என்று தெரிந்துகொள்ளலாம். 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டமே பிரிந்து திருப்பதி தனிக்குடித்தனம் போனது. இந்த வண்டிகள் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொதுப்பிள்ளையாக, கோடையில் பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலைக்கும் மற்ற மாதங்களில் காய்கறியைத் திருப்பதிக்கும் சுமந்துகொண்டிருக்கின்றன.

அவற்றில் ஒன்றின் ஹார்ன் ஊமையாகிவிட்டது. எந்த வண்டி என்று கேட்க வேண்டாம். எந்த நாளிலும் ஏதோ ஒன்றின் ஹார்ன் ஊமையாகத்தான் இருக்கும்.

ஹார்ன் இல்லாத வண்டிக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது அதன் ஓட்டுநருக்கும் தெரியும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, வண்டி வருவதைப் பிறர் காதில் விழும்படி அறிவிக்கும் ஹார்ன் கட்டாயம் என்கிறது. எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றிதழ் எடுத்தாக வேண்டும். தேதி கடந்துவிட்டால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல். ஆக, வருடத்தில் ஒரு நாள், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னிலையில், அந்த ஹார்ன் ஒருமுறை கத்தியே தீர வேண்டும். மற்ற 364 நாளும் அது என்ன செய்கிறது என்பதில் யாருக்கும் பெரிய அக்கறை கிடையாது.

ஓட்டுநர் முதலில் தமக்குத் தெரிந்த வைத்தியங்களைச் செய்து பார்த்தார். ஸ்டியரிங் நடுவே இருக்கும் பொத்தானைப் பலமாக அழுத்தினார். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தபடி அழுத்தினார். பிறகு கிரில்லுக்குப் பின்னால் ஸ்பேனரை நுழைத்து ஹார்னின் தலையில் ஒரு தட்டு தட்டினார். ஒரு முறை கத்தியது. அதன் பிறகு இல்லை.

தில்லிக் கோப்புகளில் இந்த மூன்றும் மூடநம்பிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மூன்றிலும் பொறியியல் இருக்கிறது. ஹார்னுக்குள் ஒரு மின்காந்தம், அதன் முன்னால் மெல்லிய உலோகத் தகடு, நடுவில் ஒரு பாயிண்ட். மின்சாரம் வந்ததும் காந்தம் தகட்டை இழுக்கும், இழுத்த வேகத்தில் பாயிண்ட் விலகும், மின்சாரம் அறும், தகடு திரும்பி வரும், மறுபடி பாயிண்ட் சேரும். இது விநாடிக்கு நானூறு, ஐந்நூறு தடவை நடப்பதைத்தான் நாம் 'பாம்' என்று கேட்கிறோம். பாயிண்ட் கரிந்து ஒட்டிக்கொண்டால் ஸ்பேனர் தட்டு அதை ஒரு கணம் விடுவிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்டும் ஹார்ன் அடிக்கிறது என்றால், ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்து சுழலும் தொடுவளையம் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

கடைசியில் வண்டி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய் நின்றது. சித்தூர்க் கடைகளில் வழக்கமாக நடக்கும் உரையாடல்தான் அங்கேயும் நடந்தது.

“அண்ணா, நாளன்னைக்கு எஃப்.சி. புது ஹார்ன் ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க.”

“இருப்பா. ஹார்ன் செத்துப்போச்சுன்னு உனக்கு யார் சொன்னது?”

அவர் பியூஸைப் பிடுங்கிப் பார்த்தார், நன்றாக இருந்தது. ரிலேயின் மேல் விரலை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தச் சொன்னார். 'டிக்' என்றது. அந்த ஒரு 'டிக்'கில் பாதி வழக்கு முடிந்துவிட்டது. பொத்தான், தொடுவளையம், ரிலேயின் சுருள் எல்லாம் அதோடு விடுதலை. பிறகு பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரை நேராக ஹார்னுக்குக் கொடுத்தார். சத்தமில்லை. மைனஸிலிருந்து இன்னொரு வயரை எடுத்து ஹார்னின் உடம்பில் தொட்டார். கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

“ஹார்ன் நல்லாத்தான் இருக்கு. எர்த்துதான் போயிடுச்சு.”

இத்தனை மழைக்காலத்துச் சேற்றையும் முதலில் வாங்கிக்கொள்ளும் இடத்தில், கிரில்லுக்குப் பின்னால், ஹார்னைத் தாங்கும் பட்டையும் அதன் போல்ட்டும் துருவேறிக் கிடந்தன. உப்புத்தாளால் தேய்த்து, சேஸிஸுக்குப் புதிதாக ஒரு சாண் வயர் இழுத்து, முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவியதும் வேலை முடிந்தது. பின்பக்க ஸ்குருவைக் கால் சுற்றுத் திருகியதில் சுருதியும் சேர்ந்தது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை என்பதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். உப்புத்தாளோடு மெனக்கெடுபவருக்குக் கிடைப்பது டீக்காசு. அடுத்த கடைக்காரர் ஒரு வயரைக்கூடத் தொடாமல், கம்ப்ரசரோடு வரும் ஏர் ஹார்னைத் தலையில் கட்டி அனுப்பிவிடுவார், லாபம் அதில்தான். பிக்கப்பில் ஏர் பிரேக் கிடையாது, லாரியைப் போலக் காற்றுத் தொட்டியும் கிடையாது. எனவே அந்தக் கம்ப்ரசர் பேட்டரியைத்தான் உறிஞ்ச வேண்டும். பழைய வயர் அதைத் தாங்காது, பியூஸ் போகும். பியூஸ் இருந்த இடத்தில் தடித்த கம்பித் துண்டு ஒன்று உட்காரும். அடுத்த கட்டம் கருகல் வாசனை. நெடுஞ்சாலையில் முதுகுக்குப் பின்னால் திடீரென்று அலறிக் குலைநடுங்க வைக்கும் வண்டிகளைக் குண்டர்கள் ஓட்டுவதாகத் தாங்கள் எண்ணியிருக்கலாம். அவற்றில் கணிசமானவை எர்த் போன வண்டிகள் என்பது இக்கடிதத்தின் தாழ்மையான கருத்து.

119-ஆவது விதியின் இரண்டாம் பிரிவு இத்தகைய ஹார்ன்களைத் தடுக்கிறது. அடுத்தடுத்து வெவ்வேறு சுரங்களை எழுப்பும் பல்குரல் ஹார்ன் கூடாது. கடூரமான, கீச்சென்ற, மிரள வைக்கும் ஒலி கூடாது. நல்ல விதி.

இங்கேதான் ஒரு சிறு சிக்கல். 2021 அக்டோபரில் நாசிக்கில் பேசிய தங்கள் அமைச்சர் மாண்புமிகு நிதின் கட்கரி, வண்டிகளின் ஹார்னில் இந்திய வாத்தியங்களின் ஒலி மட்டுமே வரும்படி சட்டம் கொண்டுவர யோசிப்பதாகச் சொன்னார். 2025 ஏப்ரலில் தில்லி விழா ஒன்றில் அதையே மீண்டும் சொன்னார். புல்லாங்குழல், தபலா, வயலின், ஆர்மோனியம். இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் புல்லாங்குழல் அடுத்தடுத்து வெவ்வேறு சுரங்களை எழுப்பும் கருவியாயிற்றே! அதை மாட்டிக்கொண்டு வரும் வண்டியை 119(2)-இன் கீழ் நிறுத்துவதா, நின்று ரசிப்பதா என்று சித்தூர் பிரேக் இன்ஸ்பெக்டர் குழம்பக்கூடும். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் சட்டம் விட்டுவிடும். ஆனால் அதற்குப் பெயர் புல்லாங்குழல் அல்ல, பழைய ஹார்ன்.

ஆர்மோனியத்தின் நிலை இன்னும் பரிதாபம். ஆம்புலன்ஸுக்கு ஆகாசவாணியின் இசையைப் பொருத்தலாம் என்றும் அமைச்சர் நாசிக்கில் சொன்னார். வால்டர் காஃப்மன் அமைத்த அந்த விடிகாலை மெட்டு உருகவைக்கக்கூடியது. நோயாளிக்குப் பின்னால் வரும் உறவினரும் உருகுவார், முன்னால் போகும் லாரிக்காரர் ஒதுங்குவாரா என்பது வேறு விஷயம். அது இருக்கட்டும். இதே ஆகாசவாணி 1940 மார்ச்சில் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு, 1971 வரை வாசலிலேயே நிறுத்தியிருந்தது. வானொலியில் முப்பது ஆண்டு உள்ளே விடாத வாத்தியத்தைப் பிக்கப்பின் கிரில்லுக்குள் விடுவதென்றால், வானொலி நிலையத்திடம் ஒரு தடையின்மைச் சான்றிதழ் வாங்கிக்கொள்வது முறை.

தபலாவைப் பொறுத்தவரை இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. லயத்துக்குப் பேர்போன காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர், 1954-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பெயரோடு ஊரைச் சுமந்தவர். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா இசை, நடனக் கல்லூரியும் இருக்கிறது. தாளம் தெரிந்த பூமி. எதிரே வரும் டிராக்டர் சமத்தில் வந்து முடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே யாராவது நடுச்சாலையில் நின்றுவிட்டால் அமைச்சகம் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். மேலும் இது மிருதங்க ஊர். ஒதுக்கீட்டில் மிருதங்கம் ஏன் விடுபட்டது என்ற கேள்வியும் எழும்.

(போகிற போக்கில் ஒரு செய்தி. கிளாக்சன் என்ற அலறும் மின் ஹார்னைக் கண்டுபிடித்த மில்லர் ரீஸ் ஹட்சிசன், அதற்கு முன்பே காது கேளாதோருக்கான மின்கருவியையும் உருவாக்கியவர். இரண்டு வியாபாரத்துக்கும் தொடர்பு இல்லை என்றே நம்புவோம்.)

இனி அளவுகள். வண்டிக்கு ஏழு மீட்டர் முன்னால் நின்று அளந்தால் ஹார்ன் 93 டெசிபலுக்குக் குறையக்கூடாது, 112-ஐத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.நா.வின் 28-ஆம் ஒழுங்குவிதி. நம் நாட்டுத் தரமும் அதையொட்டியதே. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குப் பகலில் 50 டெசிபல், இரவில் 40 போதும் என்கின்றன. முன்னது ஒரு கணத்தின் ஒலி, பின்னது வட்டாரத்தின் சராசரி, இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று தங்கள் பொறியாளர்கள் திருத்துவார்கள். சரிதான். திருப்பதியில் காய்கறி ஏற்றிய பிக்கப் ஒன்று மலையடிவாரத்து அலிபிரி நோக்கிப் போகிறது. வழியில் ருயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே தடைப்பலகையை மீறி ஹார்ன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவில் முதல் தடவை 1000 ரூபாய், அடுத்த தடவை 2000. அதாவது ஹார்ன் வேலை செய்யாத ஓட்டுநர்தான் அந்தக் கிலோமீட்டரில் நாட்டிலேயே ஒழுக்கமான குடிமகன்.

மலையேறத் தொடங்கியதும் நிலைமை தலைகீழ். அன்னப்பிரசாதக் கூடத்துக்கு அன்பர்கள் காணிக்கையாக அனுப்பும் காய்கறி திருமலைக்கு இப்படித்தான் வண்டியில் போகிறது. ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை. இறங்குவது 1944-இல் திறந்த பழைய பாதை. எதிரே வண்டி வராது என்பது ஆறுதல். ஆனால் கொண்டை ஊசி வளைவின் மறுபக்கம் சூடேறி நின்றுவிட்ட கார், செல்ஃபி எடுக்க இறங்கிய குடும்பம் எல்லாம் உண்டு. மொகிலி கணவாயில் அந்த ஆறுதலும் இல்லை. அதையும் தாண்டிப் பலமனேர்ப் பக்கம் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் சாலைக்கு வந்தால், அடிக்காமல் இருப்பதே உத்தமம். எங்கே அடிக்க வேண்டும், எங்கே கூடாது என்ற ஞானம் ஓட்டுநருக்கு இருக்கிறது. கேட்பதெல்லாம், அடிக்கும்போது அது அடிக்க வேண்டும் என்பதுதான்.

ஆகவே சமூகத்தின் முன் ஒரு விண்ணப்பம். எஃப்.சி. சோதனையில் ஹார்ன் ஊமை என்று குறித்து வண்டியைத் திருப்பி அனுப்புவதற்கு முன், ரிலே 'டிக்' என்கிறதா, எர்த் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் லாம்பும் இரண்டு வயரும் அங்கேயே வைக்கச் சொல்லலாம். ஏர் ஹார்னைப் பிடுங்கிப் போடும் சிறப்புச் சோதனைகளில், பிடுங்கிய இடத்தில் பழைய ஹார்ன் ஏன் செத்தது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொல்லலாம். வாத்திய ஒதுக்கீடு அதற்குப் பிறகு நடக்கட்டும். 03 பலகை வண்டிகளுக்கு நாதஸ்வரம் கிடைத்தால் மறுப்பு இல்லை.

இப்படிக்கு,
சித்தூர்–திருப்பதி சாலையில் ஹார்ன் கேட்டால் ஒதுங்கத் தயாராக இருப்போர்.

இணைப்பு: துருவேறிய போல்ட் ஒன்று, பாதி தேய்ந்த உப்புத்தாள் ஒன்று. உப்புத்தாளைத் திருப்பி அனுப்பவும். கடையில் வேலை இருக்கிறது.