கயாக்காரனின் ஓட்டு

1977 மார்ச்சில் திருப்பூர் டீக்கடைகளில் ஓட்டு இருந்தவர்களைவிட ஓட்டு இல்லாத நாங்கள்தான் அதிகம் கத்தினோம். அப்போதெல்லாம் 21 வயது ஆனால்தான் ஓட்டு. அது 18 ஆனது 1989-இல். பனியன் கம்பெனியில் கைமடிக்கு, அதாவது டைலருக்கு உதவியாக, நின்ற பையன்கள் நாங்கள் டீ நேரத்துக்கு வெளியே வந்தால் இந்திராவா ஜனதாவா என்று ஆரம்பித்து, ஓனர் எட்டிப் பார்த்து முறைக்கும்வரை விடமாட்டோம். 1975 ஜூனில் கொண்டுவந்த நெருக்கடி நிலை அப்போதும் சட்டப்படி நீங்கியிருக்கவில்லை. தேர்தல் அறிவித்த பிறகுதான் பெரியவர்களுக்கே குரல் திரும்பியது.

எங்கள் கட்டிங் மாஸ்டர் இந்திரா பக்கம். “வட்டிக்காரன் வாசல்ல வந்து நின்னு எத்தன நாளாச்சுங்க? ரயிலு நேரத்துக்கு வருது. வெலவாசி அடங்கிக் கெடக்குது. ஏழபாழைக்கு இதுக்கு மேல என்னத்துங்க வேணும்?” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. 20 அம்சத் திட்டத்தில் கடன் நிவாரணம் இருந்தது. எங்கள் லைன் வீடுகளில் அதனால் மூச்சுவிட்டவர்கள் இருந்தார்கள். அவருக்கு எதிர்ப்பேச்சு ஓவர்லாக் டைலர் ஒருவர். அந்த வருடம் செங்கொடியே இரண்டு பக்கம் நின்றது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி காங்கிரஸ், அ.தி.மு.க.வோடு, மார்க்சிஸ்ட் கட்சி தி.மு.க., ஜனதாவோடு. டைலர் மார்க்சிஸ்ட். “சோத்தப் போட்டு வாயக் கட்டுனா அதுக்குப் பேரு ஆட்சிங்களா? நாளைக்குக் கூலி கேக்கறதுக்கு வாயி வேணுமல்லங்க?” என்று திருப்பிக் கேட்பார். வறுமைக்கும் சனநாயகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன். அந்த இரண்டு கேள்விகளுக்கு அப்பால் அதிக தூரம் போனவை கொஞ்சம்தான்.

இருவரும் கட்டிப்புரண்டு சண்டைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டவர் டீ மாஸ்டர். பம்பாயில் இட்லிக் கடையில் வேலை பார்த்தவர். 1966-இல் சிவசேனை தொடங்கி, தென்னிந்தியர்களுக்கு எதிராக அங்கே கிளம்பிய அலையில் ஊர் திரும்பிவிட்டார். ‘மதராசி’ என்ற பெயரில் வாங்கிய வசவுகளை மராத்தியிலேயே சொல்லிக் காட்டுவார், எங்களுக்கு ஒன்றும் புரியாது. டெல்லியைத் திட்டும் பேச்சு சூடாகும்போதெல்லாம் அவர் ஒன்றைத்தான் சொல்லுவார்: “டெல்லி மேல கோவம்னா டெல்லிகிட்டக் காட்டோணும். பொழைக்க வந்தவன்கிட்ட எதுக்குங்க?”

முடிவுகள் வானொலியில் வந்தன. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 34-ஐ இந்திராவின் கூட்டணிக்குக் கொடுத்திருந்தோம். உத்தரப் பிரதேசத்தின் 85-இல் காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. பீகாரின் 54-இலும் ஒன்றுகூட இல்லை. ரேபரேலியில் இந்திராவே தோற்றுப்போனார். கட்டிங் மாஸ்டர் நம்பவில்லை. அடுத்த செய்தி அறிக்கை வரட்டும் என்று வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்குக் கிடைத்தது தணிக்கை செய்த பேப்பர். வடக்கே ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை செய்த கதைகள் எங்களுக்கு அப்போது அரைகுறையாகத்தான் வந்துசேர்ந்தன. பீகார்க்காரனுக்கு அதைப் பேப்பர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழைக்குச் சோறு போதும், பேச்சுரிமை எல்லாம் வசதியானவனின் கவலை என்ற வாதத்தை இந்த நாட்டின் மிக ஏழையான கிராமங்கள்தான் தோற்கடித்தன. மற்ற எந்தத் தேர்தலைவிடவும் அந்த ஒன்றுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஏழு வருடம் கழித்து, 1984-இல், பஞ்சப்படி கேட்டு திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்ய முடிந்ததும் அந்த ஓட்டுகள் மீட்டுக்கொடுத்த வாயால்தான்.

இப்போது அதே சாலையில் டீக்கடைக்கு எதிரே கம்பெனி ஐந்து மாடி. டீ நேரத்தில் டைலர் பெண்கள் கூட்டமாக வந்து ரோட்டோரம் நின்று வடையைப் பிட்டுக்கொண்டு பேசுகிறார்கள். எங்கள் காலத்தில் பெண்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். 2024 தேர்தலில் மிகத் தெளிவாகப் பேசியது அவர்களில் ஒருவர்தான். ஒரு ரூபாய் வரி கட்டினால் 29 காசுதான் திரும்பி வருகிறது என்று பிரசாரத்தில் கேட்டதை அவர் அப்படியே ஒப்பிக்கவில்லை. “நம்ம தாலூக்கா ஆசுபத்திரியில டாக்டரு இல்லாததுக்கும் அந்த எழுவத்தொண்ணு காசுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா, அதச் சொல்லுங்க மொதல்ல” என்றார். கடையில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

மத்திய வரிப் பங்கில் 15-ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 4.079 விழுக்காடு, உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போகத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு, யார் முடிவில் என்று கேட்பது நியாயம். தொகுதி விஷயம் அதைவிட வலிக்கிறது. 1962 வரை நமக்கு மக்களவையில் 41 இடங்கள். மக்கள்தொகை மற்ற மாநிலங்களைப்போல் ஏறவில்லை என்று 1967-இல் 39 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு இறங்காமல் காத்தது, நெருக்கடி நிலையின்போது 1976-இல் நிறைவேற்றிய 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். தொகுதி எண்ணிக்கையை உறையவைத்த அதே திருத்தம்தான் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு எடுத்துச் சென்றது. ஒரு கையால் எடுத்ததும் மறு கையால் காத்ததும் ஒரே தாள்! பின்னர் நீட்டித்த அந்தக் காப்பு 2026-க்குப் பிறகு வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரைதான். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகவே நாடாளுமன்றத்தில் எடை குறைய வேண்டும் என்றால் அதை எதிர்த்து நிற்க வேண்டும். நானும் நிற்பேன்.

ஆனால் கடைப்பேச்சு அங்கே நிற்பதில்லை. டெல்லியில் ஆரம்பித்து இரண்டே வாக்கியத்தில் ‘வடக்கன்’ என்று இறங்கிவிடுகிறது. “அவனுகளுக்கு ஓட்டுப் போடவே தெரியாது” என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருக்கு டீ நீட்டுவது பீகாரின் கயா மாவட்டத்துப் பையன். கிளாசைக் கழுவித் தட்டில் கவிழ்த்து, பார்சல் டீயைப் பாலித்தீன் பையில் ஊற்றி, நூலைச் சுற்றி ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டுவிடுவான். தமிழ் நன்றாகவே புரிகிறது அவனுக்கு. 54 தொகுதிக்காரர்களின் பேரன். அவனுக்கு 1977 தெரியாது, திட்டுகிறவருக்கும் தெரியாது.

2024 ஏப்ரல் 19 தமிழ்நாட்டில் ஓட்டு நாள். பீகாரில் ஏழு கட்டங்கள். முதல் கட்டத்தில் கயாவும் இருந்ததால் அவன் ஊரிலும் அன்றுதான். போக ரயிலில் இரண்டு நாளுக்கு மேல், வர அதே அளவு, அதோடு சம்பள இழப்பு. “இங்கயும் லீவு, அங்கயும் லீவுண்ணா. ஓட்டு மட்டும் இல்ல” என்றான். இருக்கிற இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப்போட ஒரு இயந்திரத்தை 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளிடம் முன்மொழிந்தது. ஒரே கருவியில் 72 தொகுதிகள். எதிர்க்கட்சிகள் பெரும்பாலும் வேண்டாம் என்றன. முறைகேடு நடக்குமே என்ற அச்சம் நியாயமானதாகவே இருக்கட்டும். அப்படியானால் வேறு வழி சொல்லியிருக்க வேண்டும், நான் கேட்டவரை யாரும் சொல்லவில்லை.

அதே 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவி, திருப்பூர் ரயில் நிலையம் மூட்டை முடிச்சுகளால் நிறைந்தது. ஹோலிக்கு ஊர் போகிறவர்கள் யார், பயந்து ஓடுகிறவர்கள் யார் என்று பிரிக்க முடியவில்லை. பீகார் அதிகாரிகள் குழு ஒன்று வந்து விசாரித்துவிட்டுப் போனது. அந்த வாரம் பல கம்பெனிகளில் ஆள் போதாமல் போனது. வீடியோ பொய்தான். ஆனால் அதை நம்பும் அளவுக்கு அவர்கள் காதில் தினமும் எதுவோ விழுந்துகொண்டிருந்தது. அதை டீக்கடையில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

2024 முடிவில் தமிழ்நாட்டின் 39-உம் தி.மு.க. கூட்டணிக்கு, பீகாரின் 40-இல் 30 பா.ஜ.க. கூட்டணிக்கு. மறுபடியும் நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். தனிப் பெரும்பான்மை இல்லாத டெல்லி ஆட்சி ஆந்திரத்து நாயுடுவையும் பீகாரின் நிதிஷ் குமாரையும் பிடித்துக்கொண்டு நின்றது. மாநிலக் கட்சி என்றால் நாட்டைப் பிரிக்கிற கட்சி என்று 1960-களில் எங்களைப் பார்த்துச் சொன்ன வாய்கள் இப்போது எங்கே?

2025-இல் பீகாரின் வாக்காளர் பட்டியலைத் திருத்தினார்கள். ஆகஸ்ட் முதல் தேதி வெளியான வரைவில் 65 லட்சம் பெயர்கள் இல்லை: இறந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள். எங்கள் கடைப் பையனின் பெயரும் இல்லை என்று அவன் அம்மா போனில் சொன்னார். நவம்பரில் அதே திருத்தம் இங்கே தொடங்கியதும் கடையில் அடுத்த சண்டை. வடக்கிலிருந்து வந்தவர்களை இங்கே சேர்த்தால் நம் ஓட்டு கரைந்துவிடும் என்கிறார்கள். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. ஆறு வருடம் இந்த ஊரில் டீ ஆற்றியவன் வேறு எங்கே குடியிருக்கிறான்? அங்கே இல்லை, இங்கே கூடாது என்றால் அவனை எந்தப் பட்டியலில் எழுதுவது?

படிவம் 6-ஐ நான்தான் பூர்த்தி செய்துகொடுத்தேன். முகவரிக்கு அத்தாட்சி இல்லை. வாடகைக்கு இருக்கிறான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட லைன் வீட்டுக்காரர் தயங்குகிறார். “நாளைக்கு வரி, கேசுன்னு வந்தா யாருங்க பாக்கறது?” என்கிறார். திங்கட்கிழமை திரும்பப் போகிறேன். எழுபத்தொரு காசுக் கணக்குக் கேட்ட டைலர் அம்மாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். வீட்டுக்காரர் அவருக்குச் சொந்தமாம்.