விசா கேட்காத விருந்தாளி

கேள்வி: மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழு வெளிநாட்டுப் பூச்சியாமே! அதற்கு விசா கொடுத்தது யார்?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: சிறகு இருக்கிறவனுக்கு விசா எதற்கு? அமெரிக்கக் கண்டத்துப் பிறவி அது. 2016-ல் ஆப்பிரிக்காவில் இறங்கியது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் தென்பட்டது. அதே ஆண்டு உங்கள் ஊர்ச் சோளக்காட்டுக்கும் வந்துவிட்டது. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கும், ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். பிறகு ஏன் பரவாது?

ஆனால் அடையாள அட்டையோடுதான் வந்திருக்கிறது! புழுவின் தலையில் தலைகீழ் 'ஒய்' குறி, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். பார்த்தால் விடாதீர்கள். குருத்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். அப்புறம் மேலோட்டமாகத் தெளிக்கும் மருந்து உள்ளே போகாது, உங்கள் காசுதான் போகும்.

அதனால் விதைக்கும் முன்பே வேலையைத் தொடங்குங்கள். ஆழ உழுதால் மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழு மேலே வரும். கொக்குக்கும் மைனாவுக்கும் விருந்து. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு போடுங்கள். பயிர் முளைத்ததும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள்; அந்தப் பூச்சிக்கு வரப்பு தெரியாது.