சித்தப்பாவுக்கு எந்த அனுமதி?

வல்லம் ஒன்றியத்து வீடுகளில் தேதியைப் பகிர்ந்துகொள்ள ஏற்கெனவே ஒரு சேவை ஓடிக்கொண்டிருக்கிறது. சிவகாசியில் அச்சாகி, செஞ்சியிலோ திண்டிவனத்திலோ ஒரு கடையின் பெயரைத் தாங்கி வந்து ஆணியில் தொங்கும் தினசரி காலண்டர். சந்தா கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, ராகு காலம் இலவசம். ஒரே குறை, அது வல்லத்துச் சுவரில் தொங்குகிறது. மகன் சென்னையில், மகள் சிங்கப்பூரில். அதனால்தான் கூகுள் காலண்டரா, ஆப்பிளா, அவுட்லுக்கா என்ற பேச்சே எழுகிறது. பேசுகிறவர்கள் வண்ணம், மணியோசை என்றே அலைகிறார்கள். என் கட்சி வேறு. நம் குடும்பங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: யாருக்கு எவ்வளவு அனுமதி கொடுக்க முடிகிறது?

2006-ல் வந்த கூகுள் காலண்டரில் அனுமதிக்கு நான்கு படிகள் உண்டு. அதை வடிவமைத்தவர் ஒரு தமிழ்க் கல்யாணத்தையாவது பந்தியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். முதல் படியில் இருப்பவருக்கு நாம் அந்த நேரத்தில் வேலையாக இருக்கிறோம் என்பது மட்டுமே தெரியும்; எங்கே, எதற்கு என்று தெரியாது. பெண் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமையில் பங்காளிகளுக்கு இதற்கு மேல் எதற்கு? இரண்டாம் படியில் விவரமெல்லாம் தெரியும், கை வைக்க முடியாது. சம்பந்தி வீட்டுக்கென்றே செய்தது. மூன்றாம் படிக்காரர் தேதியையும் நேரத்தையும் மாற்றலாம். நான்காம் படிக்காரர் தன் இஷ்டத்துக்கு ஆட்களையும் சேர்க்கலாம். சித்தப்பாவுக்கு நான்காம் படி கொடுத்த வீட்டில், காதுகுத்துக்கு எத்தனை இலை என்று சமையல்காரரிடம் கடைசி வரை சொல்ல முடியாது. ஆப்பிளில் ஒருவரோடு பகிர்ந்தால் பார்க்க மட்டும், இல்லையேல் திருத்தவும் என இரண்டே வழி. நம் உறவுமுறை அதில் அடங்காது. அவுட்லுக்கில் படிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அது ஆபீஸ் வாசம் வீசும் வீட்டுக்குத்தான் பொருந்தும்.

வாட்ஸ்அப் குரூப் போதாதா என்பார்கள். அங்கே அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். நம் வீடுகளில் நல்ல நேரத்தை மாற்றும் பேச்சே அதற்குப் பிறகுதான் தொடங்கும். புது நேரம் வந்தாலும் பழைய செய்தி சாகாது. பெரியம்மா ஃபார்வர்டு செய்வது சரியாக அந்தப் பழையதாகத்தான் இருக்கும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: மேல்மலையனூர் அமாவாசையை இந்தக் காலண்டர்கள் அறியுமா? இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஐகேலண்டர் என்ற பொது விதி 1998-ல் வந்தது. தினமும், வாரந்தோறும், மாதந்தோறும், வருடந்தோறும் என்றால் அதற்குப் புரியும். திதி என்றால் புரியாது. செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையை ஒரே முறை எழுதினால் போதும். ராகு காலமும் அப்படியே, ஏழு கிழமைக்கு ஏழு வரி. ராகு கம்ப்யூட்டருக்குக் கட்டுப்படுகிறார், சந்திரன் மாட்டேன் என்கிறார். ஆக, வருடத்துக்கு 12 அல்லது 13 அமாவாசையைப் பஞ்சாங்கம் பார்த்து யாராவது கையால் ஏற்றியாக வேண்டும். அந்த யாராவது எந்த வீட்டிலும் அத்தைதான். இந்த ஆட்சேபமும் கடைசியில் அனுமதிக் கணக்கில்தான் வந்து நிற்கிறது: அத்தைக்கு மூன்றாம் படி, மறுபேச்சில்லை.

சிங்கப்பூர் மட்டும் கொஞ்சம் சிக்கல். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இந்திய நேரப்படி திங்கட்கிழமை ஏழரைக்கு அத்தை ஏற்றிய ராகு காலம், மகளின் போனில் பத்து மணிக்குத் தொடங்கும், அதாவது ஆபீஸில் மீட்டிங் சூடு பிடிக்கும் நேரத்தில். எரிச்சலில் மகள் அதை அழித்துவிட்டால் வல்லத்திலும் ராகு காலம் ஒழிந்துபோகும். எனவே மகளுக்கு இரண்டாம் படி.