ஊர் சுற்றப் போய் லோடு அடித்த கதை

திருச்சிக்குக் காற்று வாங்க வருகிற ஆசாமி, கடைசியில் ஏதாவது ஒரு கனத்த சாமானை மணலிலோ சேற்றிலோ இழுத்துக்கொண்டு நிற்பார். ஊர் ராசி அப்படி. புராண காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

முதல் ஆள் விபீஷணன். பட்டாபிஷேகத்துக்கு அயோத்தி போனவர், தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருக்கலாம். ராமரோ ரங்கநாதரை விமானத்தோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, வழியில் எங்கேயும் கீழே இறக்கக் கூடாது. அயோத்தியில் ஏற்றி இலங்கையில்தான் இறக்க வேண்டும், நடுவில் டீக்கடை கிடையாது என்றால் நாமக்கல்லில் ஒரு லாரிக்காரரும் சாவியைத் தொட மாட்டார். விபீஷணன் தலையாட்டினார். காடு மலையெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம் என்ற நப்பாசை இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

காவிரிக்கரை வந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்தால் அரக்கனுக்கும் குளிக்கத் தோன்றும். கரையில் மாடு மேய்த்துக்கொண்டு ஒரு பொடியன்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்க. ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடுறேன்."

"கனமா இருக்குங்களே. கை வலிச்சா கீழ வெச்சுடுவேன்."

"வெச்சுடாதப்பா. அது ஒண்ணு மட்டும் கூடாது."

"சரிங்க, சீக்கிரம் வாங்க."

முங்கி எழுந்து பார்த்தால், விமானம் தரையில். பையன் பத்தடி தள்ளி நின்று சிரிக்கிறான். விபீஷணன் முட்டுக் கொடுத்துப் பார்த்தார், தோள் கொடுத்துப் பார்த்தார். அசையவில்லை. ஸ்ரீரங்கத்து மணலில் புதைந்த முதல் லோடு அதுதான். கோபத்தில் பையனைத் துரத்த, அவன் காவிரியைத் தாண்டி ஓடி மலைக்கோட்டை உச்சியில் ஏறிக்கொண்டான். இவரும் மூச்சு வாங்க ஏறிப் போய் நெற்றியில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். பிறகுதான் தெரிந்தது, குட்டுப் பட்டவர் பிள்ளையார். உச்சிப் பிள்ளையார் நெற்றியில் அந்த வடு இன்னும் இருக்கிறது என்பார்கள். விபீஷணன் அழுததைப் பார்த்த ரங்கநாதர், 'தெற்கு முகமாகப் படுத்து உன் ஊரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், போ' என்றார். வந்து சேராத சரக்குக்கு இத்தனை நயமான சமாதானத்தை எந்த லாரி ஆபீஸும் சொன்னதில்லை.

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன். மத்தவிலாசப் பிரகசனம் என்று நையாண்டி நாடகம் எழுதியவர், ஆகவே நம்மவர். மலைக்கோட்டையின் மேல் குகையைக் குடைந்துவிட்டு, அதற்கு அவர் வெட்டிவைத்த காரணம் கல்வெட்டில் இருக்கிறது. தரையில் இருந்தால் சோழ நாட்டையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டாராம், அதனால் மலைமேல் வீடு. கூடவே பார்வதிக்கு ஒரு பயம். ஏற்கெனவே கங்கையைத் தலையில் வைத்திருக்கும் மனுஷன், காவிரியையும் பார்த்து மயங்கிவிட்டால்? அதனால் அம்மன் பிறந்த வீட்டை விட்டுவிட்டு இங்கேயே வந்து தங்கி, 'இந்த ஆறு பல்லவனுடையது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டது ராஜா, பழி சிவன் மேல். பாறையைக் கொத்தியதும் கல்லை அகற்றியதும் யார் என்று கல்வெட்டு மூச்சு விடவில்லை.

1323-இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது நிலைமை தலைகீழ். புதைந்த பெருமாள் படுத்தபடி இருக்க, உற்சவர் நம்பெருமாள் கிளம்பிவிட்டார். தள்ளாத வயதில் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் முன்னே நடக்க, காட்டுவழி. மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் ஆசாரியர் கண்ணை மூடினார். பெருமாள் நிற்கவில்லை. கோழிக்கோடு, மேல்கோட்டை, திருமலை, செஞ்சி என்று சுற்றிவிட்டு, 1371-இல் விஜயநகரத் தளபதி கோபண்ணர் கொண்டுவந்து சேர்த்தபோது நாற்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டிருந்தது. தார் ரோடே பார்க்காமல் அத்தனை தூரம் போய், ஊரும் திரும்பிய ஒரே திருச்சிக்காரர் அவர்தான்.

பிரெஞ்சுத் தளபதி லாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சியை முற்றுகையிட வந்தவர், பீரங்கியும் மாடுமாக ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய் உட்கார்ந்தார். ஆங்கிலேயர் பக்கத்து கிளைவ் கொள்ளிடத்தின் வடகரையில் பிச்சாண்டார்கோவிலைப் பிடித்து வழியை அடைக்க, 1752 ஜூனில் சரணடைந்தார். இரண்டு பக்கமும் ஆறு இருக்கிற இடத்துக்குள் நுழைகிறவன் வெளியே வரும் வழியையும் பார்த்துவைக்க வேண்டாமா?

லாம்டன் துரை விஷயம் வேறு. 1802-இல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கியவர். பூமி எவ்வளவு உருண்டை என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். அதற்காக இங்கிலாந்தில் செய்து வரவழைத்த தியோடலைட் என்ற கோணமளக்கும் இயந்திரத்தின் எடை அரை டன். கப்பலில் வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோய், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, 'இது நமக்கு எதுக்கு' என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். கரையேறிய பிறகு காடு, மேடு, வயல்வரப்பு எல்லாம் ஆள்பலத்தில் அதைத் தூக்க வேண்டியிருந்தது.

தூரத்தை நோட்டம் விட உயரம் வேண்டும். திருச்சியில் மலை இருக்கிறது. தஞ்சாவூரில் தென்னந்தோப்புக்கு மேலே தெரிவது பெரிய கோயில் விமானம் ஒன்றுதான். 1808-இல் அதன் உச்சிக்கு இயந்திரத்தைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. அரை டன் பித்தளையும் இரும்பும் ராஜராஜன் கட்டிய கல்லில் போய் மோதின. இயந்திரத்தின் வட்டத் தகடு கோணிக்கொண்டது. ஐம்பதைத் தாண்டிய மனுஷன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, தலைமைக் கம்மியர்களைத் தவிர ஒருவரையும் உள்ளே விடவில்லை. பெரிய பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி வைத்துத் தகட்டை மெல்ல மெல்ல இழுத்து அந்த வட்டத்துக்குப் பொருத்தினார். ஆறு வாரம். காவிரிப் பாசனப் பகுதியின் முதல் டிங்கரிங் பட்டறை என்று அந்தக் கூடாரத்துக்கு ஒரு பலகை வைக்கலாம்.

1941-இல் அமெரிக்காவில் வில்லீஸ் ஜீப் பிறந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வந்ததும் மனிதர்களுக்குப் புத்தி இன்னும் கொஞ்சம் கெட்டது. நம் பக்கம் அதற்கு முன்பும் பின்பும் ஆற்றுமணலில் வண்டி ஓட்டியவர்கள் வேடிக்கை பார்க்க வரவில்லை, கூலிக்கு வந்தார்கள். மணல் குவாரி ஓடிய காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் தென்னமட்டையையும் கரும்புச் சோகையையும் பரப்பி, அதன்மேல் லாரியை இறக்குவார்கள். சக்கரம் புதைந்தால் டிரைவர் ஆக்சிலேட்டரைத் தொட மாட்டார். இறங்கி டயரில் காற்றை இறக்குவார். டயர் தொந்தி விட்டு அகலமாக மணலில் உட்காரும், பிடிமானம் கூடும். கிளீனர் மட்டையைச் சொருகுவார். முதல் கியரில் முனகிக்கொண்டு லாரி ஏறும். உலகமெங்கும் பாலைவனத்தில் ஜீப் ஓட்டுகிறவர்கள் காசு கட்டிக் கற்பது இந்தப் பாடத்தைத்தான். அப்படி மணல் அள்ளியதற்கு ஆறு எழுதிய பில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் வந்தது என்று ஊர் பேசிக்கொண்டது. முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் போயின, கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பகுதியும் சரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் புது ஜீப்போடு பையன்கள் பச்சைமலைக்குப் போகிறார்கள். மழை பெய்திருந்தால் ஆற்றங்கரைச் சேறே போதும். போன மாதம் கொள்ளிடக் கரையில் ஒரு ஜீப், மூன்று சக்கரம் சேற்றில் சும்மா நிற்க, நாலாவது மட்டும் அந்தரத்தில் சுற்றுகிறது. சக்கரங்களுக்குச் சக்தியைப் பங்கிடும் சாதாரண டிஃபரன்ஷியலின் குணமே அதுதான், எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ அதற்கே எல்லாச் சக்தியையும் வாரிக் கொடுக்கும். பையன் மிதிக்க மிதிக்க வண்டி இறங்கியது. வாழைத்தோப்பிலிருந்து ஒரு பெரியவர் டிராக்டரோடு வந்தார்.

"கயிறு இருக்கா தம்பி?"

"இல்லண்ணே. வண்டியே எல்லா எடத்துலயும் போகும்னு சொன்னாங்க."

"போவுது, போவுது. ஆயிரத்தி ஐநூறு ஆவும்."

"ஆயிரம் போட்டுக்கங்கண்ணே."

"அப்ப நீங்களே தள்ளுங்க. எனக்கு வாழைக்குத் தண்ணி கட்டணும்."